மகன் ஓடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பிறவியிலேயே இருதயக் கோளாறு. டி.ஓ.எஃப். (டெட்ராலஜி ஒஃப் ஃபலோ, இருதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்து வருவது) என்றார்கள், 1 வயதில் சத்திரசிகிச்சை நடந்தது. இப்போது நன்றாக இருக்கிறான். ஆனாலும் பி.டி. பாடத்தில் மற்றப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல் இருக்கிறான். இந்த முறை விளையாட்டுப் போட்டியில் ஓட வேண்டும் என்று அழுகிறான். ஓடினால் உள்ளே தையல் விட்டுவிடும் என்று அம்மம்மா பயப்படுகிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அந்தப் போத்தல் காவல் என் மனதைப் பிசைந்துவிட்டது, சகோதரி. அங்கிருந்து அவனை எழுப்பத்தான் வேண்டும்.

முதலில் அம்மம்மாவின் பயம். 8 வருடங்களுக்கு முன் இருதயத்தின் உள்ளே ஓட்டையை மூட வைத்துத் தைத்த ஒட்டின் மேல் உடம்பின் திசு வளர்ந்து மூடியிருக்கும். ஓடுவதால் அது பிரியாது. டொக்டர்மார் பார்ப்பது வேறு. இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நுரையீரலுக்குப் போகும் வழியிலுள்ள வால்வு பலருக்குக் கசியும். கசிவு கூடினால் இருதயத்தின் வலது கீழறை வருடக்கணக்கில் மெல்லப் பெரிதாகும். ஒரு பிள்ளைக்குக் கசிவு கொஞ்சம், இன்னொரு பிள்ளைக்கு அதிகம், வேறொரு பிள்ளைக்குத் துடிப்பே தாளம் தப்பும். அதனால்தான் ஒரே வியாதி இருந்தும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொன்னது உங்கள் மகனுக்குப் பொருந்தாது.

கிளினிக்கில் "ஓடலாமா?" என்று மட்டும் கேட்டால் "கவனமாக" என்ற ஒரு சொல்லோடு திரும்பி வருவீர்கள். எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம், எது கூடவே கூடாது என்று கேளுங்கள். எக்கோ, ஈ.சி.ஜி.யோடு ட்ரெட்மில் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். ஓடும்போது துடிப்பும் ஒட்சிசனும் எப்படி இருக்கின்றன என்பது அதில்தான் தெரியும். பதிலை எழுதி வாங்கி பி.டி. மிஸ்ஸிடம் கொடுங்கள். வாய்வார்த்தையை நம்பி எந்த ஆசிரியரும் பிள்ளையை மைதானத்தில் இறக்க மாட்டார்.

அதுவரை, டொக்டர் நடக்க வேண்டாம் என்று சொல்லவில்லை என்றால், வெயில் தணிந்த பிறகு காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போங்கள். முதலில் 10 நிமிடம் நடக்கட்டும். நடந்தபடியே ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லுங்கள். தடங்கலில்லாமல் சொன்னால் வேகம் சரி. "ஏழு மூன்று" என்று நிறுத்தி மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். அவன் உட்கார வேண்டும் என்றால் உடனே உட்காரட்டும். "இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்று இழுக்காதீர்கள். மயக்கம், நெஞ்சு நோ, படபடப்பு, உதட்டில் நீலம் வந்தால் நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு.

போட்டிக்குப் பிறகுதான் கிளினிக் நாள் வருகிறதா? இப்போதே கேட்டு அதை முன்னால் எடுங்கள். அது முடியும்வரை ஓட்டப் பயிற்சி வேண்டாம். அப்புறம், மாலை நடைக்கு அம்மம்மாவையும் கூட்டிப் போங்கள். பேரன் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நடப்பதை அவரே பக்கத்தில் நின்று கேட்கட்டும்.