லோரியிலேருந்து விழுந்தா அது யார் தப்பு?

கேள்வி: என் வீட்டுக்காரர் பினாங்கு பிறையில ஒரு கோடவுன்ல லோரி கெலிண்டானா (சாமான் ஏத்தி இறக்குற உதவியாளா) இருக்காரு. போன வாரம் மழை பேஞ்சு லோரி பலகை ஈரமா இருந்துச்சாம், அரிசி மூட்டை இறக்குறப்ப வழுக்கி கீழ விழுந்து வலது மணிக்கட்டு முறிஞ்சிருச்சு. ஒரு மாசம் எம்.சி (மருத்துவ விடுப்பு). தவுக்கே (முதலாளி), 'ஆஸ்பத்திரி செலவ நான் பாத்துக்கிறேன், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எல்லாம் வேணாம்'னு சொல்லி, 'என் கவனக்குறைவால விழுந்தேன்'னு ஒரு கடிதத்துல சைன் கேக்குறாரு. போடலாமா? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: போட வேணாம் சகோதரி. தவுக்கே நல்ல மனுஷனாவே இருக்கட்டும், அவர் குடுக்குறது இன்னிக்கு வந்த பில்லு மட்டும்தானே. சொக்சோல யார் தப்புன்னு பாக்கவே மாட்டாங்க, வேலை செய்யுறப்ப அந்த வேலையால அடிபட்டுச்சா, அவ்ளோதான் கேள்வி. அப்புறம் எதுக்கு அந்தக் கடிதம்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

எம்.சி 4 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா, சராசரி தினச் சம்பளத்துல 80 விழுக்காடு சொக்சோ குடுக்கும், மாசம் 2,000 வெள்ளி வாங்குறவருக்கு ஒரு நாளைக்கு 50 வெள்ளிக்கு மேல வரும். விபத்து தெரிஞ்ச 48 மணி நேரத்துக்குள்ள முதலாளி சொக்சோவுக்குத் தெரியப்படுத்தணும், இது 1969 தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி அவரோட கடமை, உங்களுக்குப் பண்ற உதவி இல்ல. அவர் பண்ணலன்னா ஐசி, பேஸ்லிப், எம்.சி, டாக்டர் ரிப்போர்ட் எல்லாத்தயும் எடுத்துக்கிட்டு நீங்களே சொக்சோ ஆபிஸுக்குப் போங்க. முக்கியமா, டாக்டர்கிட்ட 'லோரியில சாமான் இறக்குறப்ப விழுந்தேன்'னே சொல்லச் சொல்லுங்க, சில பேர் தவுக்கேக்காக 'வீட்டு பாத்ரூம்ல விழுந்தேன்'னு சொல்லிட்டு வந்துடுறாங்க, அப்புறம் அந்த ரிப்போர்ட்ட மாத்துறதுக்கு படாத பாடு படணும்.

கவனக்குறைவுன்னு சொல்றாரே, ஈரப் பலகை, தேஞ்சுபோன சிலிப்பர், ஒருத்தர் தோள்ல மூட்டை, ஏறி இறங்க ஒரு ஏணி கூட இல்ல, இதுல யாரு கவனமா இருந்து என்ன பண்றது? லோரி பலகை நெஞ்சு உயரம்தான், ஆனா விழறப்ப கைய ஊனிதான் விழுவோம், மணிக்கட்டு போறது அதனாலதான். வேலை இடத்த பாதுகாப்பா வச்சிருக்க வேண்டியது முதலாளின்னு 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே இருக்கு.

கட்டு பிரிச்சப்புறம் கை முழுசா திரும்பலன்னா, மூட்டை பிடிக்க முடியலன்னா, நிரந்தர ஊனத்துக்கும் சொக்சோல மனு போடலாம், டாக்டர் குழு பாத்து விழுக்காடு முடிவு பண்ணுவாங்க. விபத்த இப்பவே பதிஞ்சு வச்சிருந்தா அப்ப வேலை சுலபம், அதனால நாளைக்கே போயிடுங்க.