42 வருஷம் மணலுக்குள் கிடந்த பந்தயக் காரை மறுபடி ஓட்ட முடியுமா?

முடியும். 'பாப்ஸ்' என்ற கார் அப்படித்தான் மீண்டது.

பந்தய ஓட்டுநரான பிரபு லூயி ஸ்போரோவ்ஸ்கி உருவாக்கிய கார் அது. 27 லிட்டர் லிபர்ட்டி விமான எஞ்சின். பின் சக்கரங்களைச் சுழற்றுவது சங்கிலி. 1924-இல் அவர் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் இறந்த பிறகு, வேல்ஸ்காரப் பொறியாளர் பாரி தாமஸ் அதை வாங்கி மாற்றியமைத்தார். 1926 ஏப்ரலில் வேல்ஸின் பென்டைன் கடற்கரையில் மணிக்கு 275 கிலோமீட்டர் வேகம் தொட்டு, தரையில் அதிவேகத்துக்கான உலக சாதனை படைத்தார். மறுவருஷம் மால்கம் கேம்பெல் என்ற பந்தய ஓட்டுநர் அதை முறியடிக்க, திரும்பப் பிடிக்கப் போன தாமஸ் மார்ச் 3 அன்று அதே மணலில் இறந்தார். காரையும் அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

1969-இல் ஓவன் வின் ஓவன் என்ற பொறியியல் ஆசிரியர் அனுமதி வாங்கித் தோண்டினார். உப்பு தின்ற உலோகம், நசுங்கிய உடல். பல பாகங்களைப் புதிதாகவே செய்ய வேண்டியிருந்தது. வேலை பல ஆண்டுகள் நீண்டது. ஆனாலும் அந்த எஞ்சின் மறுபடி உறுமியது!

எனக்கு இதில் பெரிய விஷயம் வேறு. சங்கிலி அறுந்து தாமஸைத் தாக்கியது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். தோண்டியெடுத்த பாகங்களைப் பார்த்த பிறகு, பின் சக்கரம் உடைந்ததுதான் காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது. அதனால் பழைய கார் கிடைத்தால் உடனே தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். முதலில் படம் எடுங்கள், உடைந்த துண்டையும் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் ஸ்பேனரைத் தொடலாம்.