பயிர் மூழ்கினால் அரசுப் பணம்: அடங்கலைப் பாருங்கள் முதலில்

மேலூர் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பயிர்ச் சேத நிவாரணம் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஐயா, கதிர் வந்த நேரத்தில் இரண்டு ஏக்கர் நெல் மூழ்கிவிட்டது. எவ்வளவு கிடைக்கும்? (மேலூர்)

33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று கணக்கெடுப்பில் வந்தால், பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு 6,880 சொச்சம். உங்களுக்குப் பதிமூன்றாயிரத்துச் சில்லறை வரும். போட்ட காசுக்கு இது காணாது, தெரியும். அடுத்த நடவுக்கு விதையும் உரமும் வாங்கத்தான் இந்தப் பணம். பேரிடர் நிதி விதிப்படி ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரைதான். மாநில அரசு கூட்டிக் கொடுத்ததும் உண்டு: 2021 ஜனவரி மழைக்கு ஹெக்டேருக்கு 20,000 தந்தார்கள்.

எங்களுக்கு மானாவாரி மக்காச்சோளம். (டி.கல்லுப்பட்டி)

ஹெக்டேருக்கு 8,500. மழை, வறட்சி மட்டுமல்ல, பூச்சித் தாக்குதலும் பேரிடர் பட்டியலில் இருக்கிறது. 2018-இல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்றபோது நிவாரணம் கொடுத்தார்களே.

பக்கத்து வயல்காரருக்குப் பணம் ஏறிவிட்டது, எனக்கு இல்லை. ஏன்? (வாடிப்பட்டி)

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். முதலில் அடங்கல் நகல் வாங்கிப் பாருங்கள். எந்த நிலத்தில் என்ன பயிர், யார் சாகுபடி என்று வி.ஏ.ஓ. எழுதி வைக்கும் கணக்கு அது. உங்கள் சர்வே எண்ணுக்கு நேரே, இந்தப் பசலியில் (ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று இருக்கும். வயலில் நெல் நிற்கும், அடங்கலில் 'தரிசு' என்று இருக்கும். போன பசலியைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு, மறைப்பானேன். தரிசு நிலத்துக்கு எப்படி நிவாரணம் வரும்? நட்ட மாதமே வி.ஏ.ஓ.விடம் போய்ப் பதிந்துவிட்டாரா என்று பாருங்கள். மூழ்கிய பிறகு ஓடுவதில் பாதிதான் பலன்.

அடங்கல் சரியாக இருந்தால், கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து எடுப்பது அது. தண்ணீர் நிற்கும்போதே வயலை வரப்போடு சேர்த்து போட்டோ எடுத்து வையுங்கள். அதுவும் சரி என்றால் பேங்கில் ஆதார் இணைப்பைப் பாருங்கள். எங்கும் நடக்கவில்லையா, கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

குத்தகைக்கு உழுகிறேன் அண்ணே. பணம் பட்டாதாரருக்குப் போகுதே? (சோழவந்தான்)

பயிர் செய்தவருக்குத்தான் போக வேண்டும். ஆனால் வாய்மொழிக் குத்தகையாக இருந்தால் அலுவலர் எதை வைத்து எழுதுவார்? அடங்கலில் சாகுபடி செய்பவர் என்று உங்கள் பெயரை ஏற்றச் சொல்லுங்கள். நில உரிமையாளர் தயங்குவார். குத்தகை உரிமை கேட்டுவிடுவீர்களோ என்ற பயம். அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும் தம்பி.

இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறேன். வயல் முழுக்கப் போச்சு, ஒன்றும் வரவில்லை. (அலங்காநல்லூர்)

நிவாரணம் அரசுப் பேரிடர் நிதி. காப்பீடு கம்பெனி கொடுப்பது. இரண்டும் வேறு. நெல்லுக்குக் காப்பீடு பெரும்பாலும் உங்கள் வயலைப் பார்ப்பதில்லை, ஊரைப் பார்க்கிறது. சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்தச் சராசரி வழக்கமான மகசூலுக்குக் குறைந்தால்தான் பணம். மேட்டுக்காரர்களுக்கு நன்றாக விளைந்தால் பள்ளத்தில் இருக்கும் உங்களுக்கு நஷ்டம். நியாயமில்லை என்பதே என் கருத்தும். சோதனை நடக்கும் நாளில் ஊர்க்காரர்கள் நாலு பேர் களத்தில் நில்லுங்கள்.

காட்டுப்பன்றி அழித்தால்? (உசிலம்பட்டி)

வனத்துறையிடம் மனு. இது வேறு கணக்கு.

பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரில்தான் இருக்கிறது. (கள்ளிக்குடி)

அம்மா, வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாறுதலுக்கு இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். அது முடியும் வரை, உழுவது நீங்கள்தான் என்று வி.ஏ.ஓ.விடம் சாகுபடிச் சான்றும், கூடப் பிறந்தவர்களிடம் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்தும் வாங்கி வையுங்கள். பணம் வந்த பிறகு அந்தக் கையெழுத்து கிடைக்காது.