கஞ்சாவைச் சட்டப்படி அனுமதித்தால் என்ன தப்பு? சாராயத்தைவிட அதில் கெடுதல் குறைவுதானே?

கடை திறக்க வேண்டாம். இழுக்கிற பையனை ஜெயிலில் போடவும் வேண்டாம். என் பதில் இதுதான். நான் மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கிறவன். வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆனால் என் அக்கா மகன் விஷயத்தில் கஞ்சாவின் கெடுதலையும் ஜெயிலின் கெடுதலையும் கிட்டத்தில் இருந்து பார்த்துவிட்டேன்.

அப்போது அவனுக்கு 19 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு என்னோடு வயல் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க வேண்டியிருந்தது. மும்முனை கரண்ட் ராத்திரிதான் வரும் என்பதால் அவனை மோட்டார் கொட்டகைக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் ஆகியும் மோட்டார் சத்தம் கேட்கவில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். இருட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போர் குழாயில் காதை ஒட்ட வைத்திருந்தான். கைலி முட்டி வரை நனைந்திருந்தது. "மாமா, மெதுவாப் பேசுங்க. உள்ளேர்ந்து எம் பேரைச் சொல்றாங்க" என்றான். என் மணிக்கட்டைப் பிடித்தவன் வீடு வரும்வரை விடவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டி மேல் தீப்பெட்டியும், கட்டை விரல் அளவுக்குப் பேப்பரில் மடித்த ஒரு பொட்டலமும் இருந்தன.

காத்துக் கருப்பு என்றார்கள் வீட்டில். மந்திரிக்கக் கூட்டிப் போனார்கள். பத்து நாள் அதிலேயே போய்விட்டது. அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. அப்புறம்தான் தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். எந்த வயதில் ஆரம்பித்தான், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று இரண்டு கேள்விதான் முதலில் கேட்டார். ஆரம்பித்தது 15 வயதில். அவனுடைய சித்தப்பாவுக்கும் இதே மாதிரி இருந்திருக்கிறது, அதை அந்த வீட்டில் யாரும் வெளியே சொன்னதில்லை. கஞ்சா இழுக்கிற எல்லோருக்கும் இப்படி வராது, ஆனால் சின்ன வயதில் தொடங்கி, தினமும் இழுத்து, குடும்பத்திலும் அந்த நோய் இருந்தால் ஆபத்து பல மடங்கு கூடும் என்றார் டாக்டர். கெடுதல் குறைவு என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

சரி, அப்படியானால் பிடித்து உள்ளே போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதையும் பார்த்தாயிற்று. அதற்கு முந்தின வருடமே சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டு, 15 நாள் கிளைச் சிறையில் இருந்தான். முன்பெல்லாம் பைபாஸ் வரை சைக்கிளில் போய்த் தேடி வாங்குவானாம். உள்ளே இருந்து வந்தபோது இரண்டு புது போன் நம்பர்களோடு வந்தான். அதன் பிறகு சரக்கு எங்கள் தெருமுனைக்கே வந்தது.

கஞ்சா, அபின் எல்லாவற்றுக்கும் பொதுவான போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இல் வந்தது. அதன்படி பூவும் காயும் உள்ள நுனிக் கதிர்தான் கஞ்சா. தனி இலை அதில் வராது, அதனால்தான் வடக்கே சில மாநிலங்களில் அந்த இலையை அரைத்துச் செய்கிற பாங்கு வெளிப்படையாக விற்கிறது. ஒரு கிலோ வரை சிறிய அளவு, ஒரு வருடம் வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, பத்து முதல் இருபது வருடம். ஆந்திர-ஒடிசா எல்லை மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கி, வேதாரண்யம் கரையில் இலங்கைக்குப் படகு ஏற்றுகிறவனுக்கு அந்த இருபது வருடம் தகும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவன், பயன்படுத்திய வழக்கிலோ சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலோ மாட்டி, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ முழுச் சிகிச்சை எடுத்தால், அந்த வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். பாதியில் நிறுத்தினால் விலக்கும் போய்விடும். அவனைப் பிடித்த அன்றைக்கு இதை எங்களுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. அக்கா ரெண்டு கைலியும் ஒரு துண்டும் பையில் போட்டுக்கொண்டு சிறை வாசலில் நின்றாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அந்த மோட்டார் கொட்டகை ராத்திரி வராமலே போயிருக்கலாம்.

போர்ச்சுகல் 2001-லேயே இதைச் செய்துவிட்டது. சொந்த உபயோகத்துக்குப் பத்து நாள் அளவுக்குள் வைத்திருப்பவனை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், ஒரு குழு முன்னால் உட்கார வைத்துப் பேசி, தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். விற்பது அங்கே இன்றும் குற்றம்தான். தாய்லாந்து 2022 ஜூனில் தடையை எடுத்தது, தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025-இல் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று திரும்ப இழுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அனுமதி கேட்பவர்கள் 1894-இல் வந்த பிரிட்டிஷ் ஆணைய அறிக்கையை எடுத்துக் காட்டுவார்கள். 1,193 பேரை விசாரித்து, அளவாகப் பயன்படுத்தினால் பெரிய கெடுதல் இல்லை, முழுத்தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று அந்த ஆணையம் சொன்னது உண்மைதான். அளவாக என்ற அந்தச் சொல்தான் எனக்கு இடிக்கிறது. 2003-இல் மதுச் சில்லறை விற்பனையை அரசு கையில் எடுத்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். விற்று வரும் பணத்தை நம்பி இருக்கிற அரசுக்கு, விற்பனை குறைய வேண்டும் என்று எப்படி மனசு வரும்? மத்திய அரசு எய்ம்ஸ் மூலம் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், குடிப்பவர்கள் சுமார் 16 கோடி, பாங்கு உட்பட கஞ்சா வகை எடுப்பவர்கள் சுமார் 3 கோடி. அந்த 3 கோடியை 16 கோடியாக்க நாமே கடை கட்டித் தர வேண்டுமா?

பையன் இப்போது மாத்திரையில் இருக்கிறான். குரல் கேட்பது நின்றுவிட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது, 64ஏ-இல் மனு போட்டிருக்கிறோம். மோட்டார் போட ராத்திரி நானேதான் போகிறேன்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணம் இல்லை. வழக்கு விழுந்திருந்தால், வக்கீலிடம் முதல் நாளே 64ஏ பற்றிக் கேளுங்கள்.