சைக்கிளுக்கு எவ்வளவு இடம்? நகரச் சாலைகள் பற்றிய கேள்வி பதில்

நெரிசல் மிகுந்த சாலைகளில் அன்றாடம் சைக்கிளில் பணிக்குச் செல்கிறேன். வார இறுதிகளில், வயது வந்தவர்களுக்குச் சாலையில் சைக்கிள் ஓட்டும் பயிற்சி அளிக்கிறேன். இந்த இரண்டிலும் கற்றவற்றைக் கொண்டு பதில் எழுதுகிறேன். எந்தச் சைக்கிள் வாங்கலாம் என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை.

கேள்வி: பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் சைக்கிளை எடுத்திருக்கிறேன். பின்னால் வரும் வண்டி மோதிவிடும் என்ற அச்சம் விடவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதுகுப்பக்கம் கண்ணில்லாத எவருக்கும் வரக்கூடிய அச்சம்தான் அது. ஆனால் நகரத்துக்குள் சைக்கிள் ஓட்டுபவர்கள் அடிபடுவது பெரும்பாலும் சந்திப்புகளிலும் திருப்பங்களிலும்தான். அதாவது முன்னாலும் பக்கவாட்டிலும் வரும் ஆபத்துகளால். இருந்தாலும் அந்த அச்சம் தணிய, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கப் பழகுங்கள். வண்டி கோணாமல் பின்னால் பார்க்க ஒரு வாரப் பழக்கம் போதும்.

அடுத்தது, நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு. இதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன், இங்கேயும் மறுபடி மறுபடி சொல்வேன். ஒருநாள் மாலை, வரிசையாக நின்ற கார்களை ஒட்டிச் சென்றுகொண்டிருந்தேன். ஒரு காரின் பின்கண்ணாடி வழியாக ஒரு தோள் சாய்வது தெரிந்தது. கை பிரேக்கைத் தொடுவதற்குள் கதவு திறந்துவிட்டது. அதன் விளிம்பு ஹேண்டில்பாரின் நுனியில் பட்டது. நான் சாலையின் நடுவே விழுந்தேன். பின்னால் வந்த வேன் மெதுவாக வந்ததால்தான் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். திறந்த கதவு ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்தை அடைத்துக்கொள்ளும். அந்த ஒரு மீட்டருக்கு வெளியே செல்லுங்கள். கார் ஓட்டுபவர்களுக்கும் எளிய வழி ஒன்று உண்டு: கதவுக்கு அருகில் இருக்கும் கையால் திறக்காமல் மறு கையால் திறந்தால், உடல் தானாகவே திரும்பிக் கண் பின்னால் பார்த்துவிடும். நெதர்லாந்துக்காரர்களின் வழக்கமாக அறியப்பட்ட இதை, பிரிட்டன் 2022இல் தன் சாலை விதி நூலில் சேர்த்துக்கொண்டது.

கேள்வி: ஹெல்மெட் அணிந்தால் போதுமான பாதுகாப்புக் கிடைக்குமா?

பதில்: அணியுங்கள், நானும் அணிகிறேன். அதே நேரத்தில் அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் அறிந்திருங்கள். ஐரோப்பியத் தரச் சோதனையில் ஹெல்மெட் தட்டையான பரப்பில் மோதும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். தவறி விழும்போது தலையைக் காப்பதற்கான பொருள் அது. லாரிச் சக்கரத்துக்கு எதிரான கவசம் அன்று. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: சிக்னலில் லாரி நிற்கும்போது ஓரமாக நுழைந்து முன்னால் போய்விடலாமா?

பதில்: கூடாது. நான் இங்கே எழுதுவதில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். உயரமான இருக்கையில் அமர்ந்திருக்கும் லாரி ஓட்டுநருக்கு, வண்டியின் முன்முகத்தை ஒட்டிய சாலையும் ஓரத்தை ஒட்டிய சாலையும் மறைந்திருக்கும். கண்ணாடிகளைச் சரியாக வைத்திருந்தாலும் நீங்கள் அந்த மறைவுக்குள் முழுமையாக அடங்கிவிட முடியும். அதைவிடக் கொடியது திருப்பம். நீண்ட வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் செல்வதில்லை. உட்பக்கமாகக் குறுக்கிக்கொண்டு வரும். லாரிக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவே நிற்கும்போது அகலமாகத் தெரிந்த இடம், பச்சை விளக்கு விழுந்த சில நொடிகளில் ஒரு முழத்துக்கும் கீழே சுருங்கிவிடும். அங்கே மாட்டிக்கொண்டவருக்கு வெளியேற வழியே இருக்காது.

பழியை ஓட்டுநர் தலையில் மட்டும் போடவும் எனக்கு மனமில்லை, ஏனெனில் வண்டியின் வடிவமே பாதிக் குற்றவாளி. லண்டனில் 2021 மார்ச் முதல், ஓட்டுநர் இருக்கையிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்பதைக் கொண்டு பெரிய லாரிகளுக்கு நட்சத்திரத் தரம் நடைமுறையில் இருக்கிறது. 2024இல் அந்த அளவுகோலை மேலும் உயர்த்தினார்கள். லாரிக்குப் பின்னாலேயே நில்லுங்கள். இழப்பது அரை நிமிடம்.

கேள்வி: நான் கார் ஓட்டுபவன். சைக்கிள்காரர்கள் ஓரமாகப் போகாமல் தடத்தின் நடுவில் ஏன் வருகிறார்கள்? எங்களை வேண்டுமென்றே மறிப்பதுபோல் இருக்கிறது.

பதில்: நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி, ஐயா. ஓரத்தில் என்ன இருக்கிறது என்பது காரிலிருந்து தெரியாது. சாக்கடை மூடியின் கம்பி இடுக்குகள், உடைந்த கண்ணாடி, மழைநீர் மூடிய பள்ளம், நான் முன்பே சொன்ன கார்க் கதவு ஆகிய எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. பள்ளத்தைத் தவிர்க்கச் சைக்கிள் சட்டென விலகும்போது, ஒட்டி முந்திக்கொண்டிருப்பவருக்குச் சுதாரிக்க நேரமிருக்காது. தடம் குறுகலாக இருந்து, காரும் சைக்கிளும் பக்கம் பக்கமாகச் செல்ல உண்மையில் இடமில்லாதபோது, ஓரத்தில் செல்பவர் இடம் இருப்பதான தோற்றத்தை உங்களுக்குத் தந்துவிடுகிறார். நடுவில் செல்பவர், இப்போது முந்த இடமில்லை என்பதை முன்கூட்டியே தெரிவிக்கிறார். பிரிட்டனின் சாலை விதி நூல், அமைதியான சாலைகளிலும் மெதுவான போக்குவரத்திலும் சந்திப்பை நெருங்கும்போதும் தடத்தின் நடுவில் செல்லுமாறும், வேகமான வண்டிகள் நிறைந்த சாலையில் ஓரக்கல்லிலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளிச் செல்லுமாறும் அறிவுறுத்துகிறது. ஜெர்மனியில் 2020 முதல், ஊருக்குள் சைக்கிளை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீட்டரும் ஊருக்கு வெளியே இரண்டு மீட்டரும் இடைவெளி விடுவது சட்டம்.

கேள்வி: எந்த விளக்கு வாங்கலாம்?

பதில்: கடைக்காரரைக் கேளுங்கள். பின்விளக்கு இல்லாமல் இருட்டில் இறங்காதீர்கள்.

கேள்வி: காரைப் பற்றிக் கேட்டவன்தான் மறுபடி எழுதுகிறேன். ஹாரன் அடித்தால் ஒதுங்குவதுதானே பண்பு? சாலைக்கு வரி கட்டுபவர்கள் நாங்கள். சிக்னலை மதிக்காத சைக்கிள்காரர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

பதில்: மூன்றும் வெவ்வேறு செய்திகள். சிக்னலை மீறுவது தவறு. என்னிடம் பயில வருபவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதியும் அதுவே. ஆனால் ஒருவர் நேற்று மீறினார் என்பதற்காக வேறொருவரை இன்று ஒட்டி முந்துவது எந்த நியாயத்தில் சேரும்? வரியைக் கொண்டு சாலையில் இடம் அளக்கப்படுவதில்லை. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சைக்கிளை ஒரு வாகனமாகவும், அதை ஓட்டுபவரை ஓட்டுநராகவுமே வரையறுக்கிறது. ஹாரன் எச்சரிக்கைக் கருவி; விலகச் சொல்லும் ஆணை அன்று. முதுகுக்குப் பின்னால் திடீரென அது ஒலிக்கும்போது சைக்கிள் ஓட்டுபவரின் கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தில் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கே தெரியாது.

2019இல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு வெளியானது. குரங்கிலிருந்து மனிதன் உருவாகும் வரிசைப் படத்தைப் போன்ற அளவுகோல்களைக் காட்டி, சைக்கிள் ஓட்டுபவர்கள் அதில் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். சைக்கிள் ஓட்டாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், அவர்களை முழு மனித நிலைக்குக் கீழேயே வைத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. தாங்கள் முந்திச் செல்வது ஒரு பள்ளி ஆசிரியரை, ஒரு செவிலியரை, யாரோ ஒருவரின் தந்தையை என்று நினைப்பவர்கள் ஓர் அடி கூடுதலாக விலகுவார்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: நான் பேருந்து ஓட்டுநர். கால அட்டவணை தவறினால் விளக்கம் கொடுக்க வேண்டியவன் நான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதே சைக்கிளை முந்துகிறேன், நிற்கிறேன், அவர் என்னை முந்துகிறார். யாரிடம் போய்ச் சொல்வது?

பதில்: உங்கள் வாதம் முந்தைய வாதத்தைப் போன்றதன்று, அண்ணா, இதில் நியாயம் இருக்கிறது. அட்டவணை போடுபவர் பேருந்தையும் சைக்கிளையும் ஒரே தடத்தில் விட்டுவிட்டு, அழுத்தத்தை உங்கள் தோளில் ஏற்றுகிறார். தடங்களைப் பிரிப்பதே இதற்குத் தீர்வு. ஸ்பெயினின் செவில் நகரம் 2006 முதல் சில ஆண்டுகளுக்குள், ஒன்றோடொன்று இணைந்த தனிச் சைக்கிள் பாதைகளை ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு அமைத்தது. சைக்கிளில் செல்பவர்கள் பல மடங்கு பெருகினார்கள். அத்தகைய பாதை வரும்வரை ஒன்று செய்யுங்கள்: அடுத்த நிறுத்தம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தால், முந்தாமல் சைக்கிளின் பின்னாலேயே வந்துவிடுங்கள். எப்படியும் நிற்கத்தானே போகிறீர்கள்.

கேள்வி: ஹெல்மெட் கட்டாயமா?

பதில்: உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். மற்றவற்றுக்கு மேலே பதில் இருக்கிறது.

கேள்வி: எதிர்த்திசையில் சென்றால் வருகிற வண்டிகள் கண்ணுக்குத் தெரியுமே, அது பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. நீங்கள் மணிக்கு 20, கார் 50 என்று வையுங்கள். ஒரே திசையில் சென்றால் கார் உங்களை நெருங்கும் வேகம் 30. எதிரெதிராக வந்தால் 70. மேலும், சந்திப்பில் நுழையும் ஓட்டுநர் வண்டிகள் வரும் பக்கத்தைத்தான் பார்ப்பார். நீங்கள் அவர் எதிர்பாராத பக்கத்திலிருந்து வருகிறீர்கள்.

கேள்வி: ஹெல்மெட் அணிபவர்களை வண்டிகள் அதிகம் ஒட்டி முந்துகின்றன என்பது உண்மையா?

பதில்: இத்துடன் ஹெல்மெட் கேள்விகள் போதும். பிரிட்டனில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 8.5 சென்டிமீட்டர் இடைவெளி குறைந்ததாகக் கண்டார்கள். அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்த வேறு சிலர் அம்முடிவை ஏற்கவில்லை. இதைக் காரணம் காட்டி ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.

கேள்வி: என் பத்து வயது மகளுடன் பள்ளிக்குச் சைக்கிளில் செல்ல விரும்புகிறேன். அவள் முன்னால் செல்ல வேண்டுமா, நானா?

பதில்: மகள் முன்னால், அம்மா, நீங்கள் அவளுக்குப் பின்னால், அவளைவிடச் சற்றே சாலையின் நடுப்பக்கமாக வாருங்கள். முந்துகிற வண்டி முதலில் உங்களைச் சுற்றித்தான் விலகும். அந்த விலகல் அவளுக்கும் கிடைக்கும். முதலில் ஒரு விடுமுறை நாள் காலையில் முழு வழியையும் ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடம் கூடினாலும் வண்டிகள் மெதுவாகச் செல்லும் தெருக்களையே தேர்ந்தெடுங்கள்: மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்கும் ஒரு நொடியிலேயே ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும், 30இல் வந்தால் எட்டு மீட்டர்தான். சந்திப்புகளில் அவள் பக்கத்தில் வந்து நின்று, வருகிற வண்டியின் ஓட்டுநர் உங்கள் இருவரையும் பார்த்துவிட்டாரா என்பதை அவளையே சொல்லச் செய்யுங்கள். நிறுத்தியிருக்கும் கார்களைக் கடக்கும்போது, ஒவ்வொரு காரின் உள்ளேயும் தலை தெரிகிறதா என்று அவள் உரக்கச் சொல்லிக்கொண்டே வரட்டும். ஒரு மாதத்தில் உங்களுக்கு முன்பே அவள் கண்டுபிடித்துச் சொல்வாள்.