கனடாவிலிருந்து வந்த தொட்டில்

கேள்வி: அன்ரி, எனக்கு இது ஏழாம் மாதம், முதல் பிள்ளை. கனடாவில் இருக்கும் மச்சாள் தன் மகனுக்குப் பாவித்த தொட்டில், மெத்தை, கார் சீற், ஒரு பெட்டி உடுப்பு எல்லாவற்றையும் கப்பலில் அனுப்பியிருந்தா. மாமி அவற்றைப் பரணில் ஏற்றி ஆறு வருடமாகிறது. பக்கத்து வீட்டு அக்கா வாக்கரும் பால் எடுக்கும் பம்பும் தருகிறேன் என்கிறா. புதிதாக வாங்கலாம் என்றால் விலையைக் கேட்கத் தலை சுற்றுகிறது. பழையதைப் பாவிக்கவும் பயம். வேண்டாம் என்றால் மாமி கோவிப்பா. எதை எடுக்கலாம்?
- கொக்குவில் வாசகி

பதில்: பழையது என்பதற்காக மட்டும் பயப்படாதீர்கள், தங்கச்சி. என் மூத்தவன் 1993இல் பிறந்தான். பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரம் இல்லாமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்த ஊரில் புதுத் தொட்டிலுக்கு எங்கே போவது? அம்மா, சித்திமார், நான் என்று எல்லாரும் கிடந்த பலாமரத் தொட்டிலில்தான் அவனும் கிடந்தான்.

ஐந்தாம் மாதம், ஒரு மத்தியானம். நான் குசினியில் நின்றேன். அழுகை கேட்டது, பிறகு சட்டென்று நின்றது. அது நின்ற விதம் சரியில்லை என்று ஓடிப்போய்ப் பார்த்தால், காலும் இடுப்பும் வயிறும் இரண்டு சட்டத்துக்கு இடையால் வெளியே இறங்கிவிட்டன, தலை மட்டும் உள்ளே மாட்டி நிற்கிறது. தாழ்வான தொட்டில், கால் நிலத்தில் ஊன்றியபடியால் தப்பினான். அப்போது நான் மருத்துவமாதாக வேலையில் சேர்ந்து மூன்று வருடம். ஊராரின் தொட்டிலை எல்லாம் பார்த்துப் புத்தி சொன்னவள், என் வீட்டுத் தொட்டிலைப் பார்க்கவில்லை.

ஆகவே முதலில் அளவு நாடாவை எடுங்கள். சட்டத்துக்குச் சட்டம் 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. நாடா இல்லையா, வழக்கமான பருமன் சோடா ரின் ஒன்றை இடையில் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் அந்தத் தொட்டில் வேண்டாம். அப்புறம், உங்கள் தொட்டிலின் ஒரு பக்கம் மேலும் கீழும் இறங்கி ஏறும் வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் பேச்சே இல்லை. அந்தப் பக்கம் கழன்று சரிந்து, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் பிள்ளைகள் நசுங்கி இறந்தபடியால் 2011 ஜூனில் அமெரிக்கா அந்த வகையின் விற்பனையையே தடைசெய்தது. 2016 கடைசியில் கனடாவும் தடுத்தது. அங்கே விற்க முடியாத சாமான் பெட்டியில் ஏறி எங்கள் பரணுக்கு வந்து சேர்கிறது, என்ன செய்வது. பக்கங்கள் அசையாத வகை என்றால் ஆணி, திருகாணி ஒன்றும் குறையாமல் பூட்டிப் பாருங்கள். காணாமற்போன திருகாணிக்குப் பதிலாகக் கயிறு கட்டிய தொட்டில்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். கட்டிவிட்டவர் எப்போதும் வீட்டு ஐயாதான்.

மெத்தை பழையது வேண்டாம். நடுவில் குழிந்திருக்கும், பரணில் எலி இருந்ததா என்று யாருக்குத் தெரியும். புதிதாக ஒன்று வாங்குவதென்றால் இதையே வாங்குங்கள். கையால் அமத்தினால் அமுங்காத கடின மெத்தை, தொட்டிலோடு பொருந்தி ஓரத்தில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி விடாதது. பிள்ளையை நிமிர்த்திக் கிடத்துங்கள். இரண்டு பக்கமும் உருட்டுத் தலையணை வைக்கும் எங்கள் பழக்கம் வேண்டாம், மாமி எவ்வளவு ஆசையாகத் தைத்திருந்தாலும்.

கார் சீற்றைத் திருப்பி அடியிலோ முதுகிலோ பாருங்கள். செய்த திகதியோ காலாவதித் திகதியோ பிளாஸ்ரிக்கில் பொறித்திருக்கும். பொதுவாக ஆறு முதல் பத்து வருடம்தான் அதன் ஆயுள். தகரக் கூரைக்குக் கீழே ஆறு வருடம் வெந்தது வேறு. விபத்தில் ஒருமுறை அடிபட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் றெஜிபோம் வெடித்திருக்கலாம், வெளியே தெரியாது. மச்சாளிடம் நேரே கேளுங்கள். ஒன்று சொல்ல மறந்தேன்: அதைக் காரில் பெல்டால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனால் அது வெறும் கூடை.

வாக்கரை அந்த அக்காவுக்கே திருப்பிக் கொடுங்கள். கனடாவில் 2004இலிருந்து விற்கவே தடை, பழையதையும் சேர்த்து. அதில் இருக்கும் பிள்ளை ஒரு விநாடியில் ஒரு மீற்றருக்கு மேல் ஓடும். உங்கள் வீட்டு விறாந்தைப் படி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கிணற்றடியும் திறந்துதானே கிடக்கும். நடையும் அதால் முந்தி வராது. பம்பும் வேண்டாம். பல பம்புகளில் பால் ஆவி மோட்டருக்குள் போய்ப் பிடிக்கும், அதை அவித்துத் துப்புரவாக்க வழியில்லை.

உடுப்பைத் தாராளமாக எடுங்கள். கழுத்தில் நாடா இருந்தால் வெட்டிவிடுங்கள், ஆடும் பொத்தானைப் பிடுங்கிவிடுங்கள், கொதிதண்ணியில் போட்டு வெயிலில் காய விடுங்கள். ஆனால் பெட்டியைத் திறந்ததும் மூக்கை வைத்து மணந்து பாருங்கள். வெள்ளைப் பூச்சி உருண்டை, நப்தலீன், போட்டு வைத்திருந்தால் உடனே பிள்ளைக்கு உடுத்தாதீர்கள். ஜி-6-பி-டி என்ற நொதியம் குறைந்த பிள்ளைகளுக்கு அந்த வாடையே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடும் மஞ்சள் காமாலையாக்கும். எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை என்று இரத்தம் சோதிக்காமல் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பல தரம் தோய்த்து, நாட்கணக்கில் வெயிலில் போட்டும் மணம் போகவில்லையென்றால் நிலம் துடைக்கத்தான் ஆகும்.

மாமியின் பழைய நூல் சேலை இரண்டைக் கேட்டு வாங்குங்கள். தோய்த்துத் தோய்த்து மெதுமையான சேலையைப் போல அணைதுணி கடையில் கிடைக்காது. கேட்டதும் அவவின் முகம் மலரும், அந்த நேரம் தொட்டில் கதையை எடுங்கள். "கிளினிக்கில் மிஸ் வேண்டாம் என்றா" என்று பழியை எங்கள்மேல் போடலாம், நாங்கள் பழகியவர்கள். தொட்டிலைக் கழற்றினால் அந்தச் சட்டங்களில் சின்ன வெங்காயப் பிடிகளைக் கட்டித் தூக்க நல்ல வசதி.