காலேஜ் ஸ்ட்ரீட்டின் கடைகள்

கேள்வி: கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்டில் இத்தனை புத்தகக் கடைகள் சேர்ந்ததற்குப் பல்கலைக்கழகம்தான் காரணமா? அரிய பழைய நூல்கள் இன்னும் அங்கே கிடைக்கின்றனவா?

பதில்: பல்கலைக்கழகம் 1857இல்தான் தோன்றியது, தெரு அதற்கும் மூத்தது. லாட்டரிச் சீட்டு விற்ற பணத்தில் நகரைச் சீரமைத்த லாட்டரி கமிட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடக்குத் தெற்காக அமைத்த பெருஞ்சாலையின் ஒரு துண்டே இது. 1817இல் வேறிடத்தில் தொடங்கிப் பின்னர் இங்கு வந்து சேர்ந்த இந்துக் கல்லூரி, 1824இல் தொடங்கிய சமஸ்கிருதக் கல்லூரி, 1835இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆகியவற்றின் மாணவர்களே கடைக்காரர்களுக்கு முதல் வாடிக்கையாளர்கள்.

அதுவரை வங்காள அச்சு நூல்கள் பெரும்பாலும் நகரின் வடக்கே படதலா என்னும் அச்சகப் பகுதியில் அச்சாகி, கூவி விற்பவர்களின் தலைச்சுமையாக வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தன. சமஸ்கிருதக் கல்லூரியில் பணியாற்றிய ஈசுவர சந்திர வித்தியாசாகர், 1847 வாக்கில் நண்பர் ஒருவருடன் சேர்ந்து அச்சகமும் அதற்கென ஒரு விற்பனை நிலையமும் ஏற்படுத்தியபோதுதான், வாசகர் நூலைத் தேடி இப்பகுதிக்கு வரும் வழக்கம் வேரூன்றியது. பாடநூலே இத்தெருவுக்கு அடித்தளம் என்பது என் கருத்து.

இன்றும் நிலைமை அதுவே. அரிய பதிப்புகள் அகப்படுவதுண்டு. ஆனால் கடைக்காரருக்குச் சோறு போடுபவை நுழைவுத்தேர்வு வழிகாட்டிகளும், சென்ற ஆண்டு மாணவர் அடிக்கோடிட்டு விற்றுவிட்டுப் போன மருத்துவ, பொறியியல் நூல்களுமே. அன்றைய இந்துக் கல்லூரியான இன்றைய பிரெசிடென்சி பல்கலைக்கழகத்தின் கம்பி வேலியை ஒட்டிய தகரப் பெட்டிக் கடைகளில், ஆளுயர அடுக்குகளுக்கு நடுவே அமர்ந்திருப்பவரிடம் நூலின் பெயரைச் சொன்னால், அடுக்கு சரியாமல் அடியிலிருந்து உருவித் தருவார்; தம்மிடம் இல்லையென்றால் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கிவந்து தருவார். விலையைப் பேரம் பேசாமல் கொடுப்பவரை அவரே சற்று வியப்போடுதான் பார்ப்பார்.

திறந்தவெளி வாணிபத்துக்குரிய ஆபத்தும் உண்டு. 2020 மே மாதத்தில் ஆம்பன் புயல் வந்தபோது, ஊரடங்கில் பூட்டிக் கிடந்த கடைகளின் நூல்கள் தெருவெள்ளத்தில் மிதந்தன.

அங்கே செல்வதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். கால் வலித்தால், பழைய ஆல்பர்ட் ஹால் கட்டடத்தில் இயங்கும் காபி ஹவுஸில், ஒரு கோப்பை காபியோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அமர்ந்திருக்கலாம்.